நெடுநாள் நிறுத்தி வைத்த காரின் பேட்டரி: சார்ஜ் இறங்கியதா, ஆயுள் முடிந்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை வட்டாரங்களில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார்களுக்குக் குறைவில்லை. உரிமையாளர் வளைகுடாவில் இருப்பார். அல்லது ராணுவத்தில் இருந்துகொண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். அல்லது மகனோடு பெங்களூருவில் சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பும் ஓய்வு பெற்றவராக இருப்பார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாவியைத் திருப்புகிறார்கள், செல்ஃப் எடுப்பதில்லை, அன்று மாலைக்குள் புதுப் பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அவர்களில் பலர் அந்தப் பணத்தைச் செலவிட்டிருக்க வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். கீழே உள்ளவை 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி பொருத்திய சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை.

மூன்று மாதம் நின்ற கார் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

செய்யக்கூடாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியும் ஆயுள் முடிந்த பேட்டரியும் சாவியைத் திருப்பும் நேரத்தில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு ஒரே வழி, முழுமையாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு, அதன் பிறகு சோதிப்பதுதான். சார்ஜ் இல்லாத பேட்டரியைக் கடையில் லோடு டெஸ்டரில் (சுமை ஏற்றிச் சோதிக்கும் கருவியில்) மாட்டினால் முள் கீழேதான் விழும். அதைக் காட்டி "பேட்டரி அவுட்" என்று சொல்பவரிடம், சார்ஜ் ஏற்றிய பிறகு ஒரு முறை சோதித்துக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

யாரும் ஓட்டாத காரில் சார்ஜ் எப்படி இறங்குகிறது?

இரண்டு வழிகளில் இறங்குகிறது. முதலாவது, எதனுடனும் இணைக்காவிட்டாலும் பேட்டரிக்குள் நடக்கும் தன்னிழப்பு. இன்றைய கால்சியம் வகை பேட்டரியில் 25 டிகிரி வெப்பத்தில் இது மாதத்துக்குச் சில சதவீதம்தான். ஆனால் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் இந்த வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. சித்திரை, வைகாசியில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், தகரக் கூரை ஷெட்டுக்குள் பானெட் மூடிக் கிடக்கும் பேட்டரியின் நிலை என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட "ஆறு மாதம் தாங்கும்" என்ற அறிவுரையை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல.

இரண்டாவது, கார் பூட்டியிருக்கும்போதும் ஓயாமல் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும் உறுப்புகள். அலாரம், ரிமோட் லாக் ரிசீவர், கடிகாரம், இன்ஜின் கணினியின் நினைவகம் ஆகியவை சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. சிறிய அளவாகத் தோன்றினாலும் 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. முப்பது நாளில் 36. சிறிய பெட்ரோல் கார் பலவற்றில் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவே 35 ஆம்பியர் மணிதான். எனவே குறை எதுவும் இல்லாத கார்கூட இரண்டு மாதத்தில் செல்ஃப் எடுக்காமல் போவதில் வியப்பில்லை.

சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தத்தை வைத்து ஏதாவது அறிய முடியுமா?

ஓரளவுக்கு அறியலாம். மீட்டர் போர்டு விளக்குகள் மங்கி, "டிக்டிக்டிக்" என்று வேகமாகத் தட்டினால், ரிலேயை இழுக்கும் அளவுக்கு மட்டும் பேட்டரியில் சக்தி இருக்கிறது, மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு இல்லை என்று பொருள். இதே சத்தம் தளர்ந்த டெர்மினலாலும் வரும். விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்க, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால், பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரையும் அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலனாய்டையும் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி மீது குற்றமில்லை. பழைய பெட்ரோல், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு), எலி கடித்த வயர் என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் எலியை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

கண்ணாலும் கையாலும் தொடங்குங்கள். பானெட்டைத் திறந்து, இரண்டு டெர்மினல் கிளாம்புகளையும் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கை பலத்துக்கே அசைந்தால் அது தளர்ந்திருக்கிறது. பாசிட்டிவ் முனையைச் சுற்றி வெள்ளையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அது வெளியில் மட்டும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். கிளாம்பைக் கழற்றினால் உள்வளையத்திலும் முனையிலும் கறுத்த படலம் ஒன்று இருக்கும், மின்னோட்டத்தைத் தடுப்பது அதுதான். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ் என்ற வரிசையை மாற்றக்கூடாது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் உப்பு பொங்கிக் கரையும்; அந்த நீர் செல் மூடித் துளைகள் வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிய பின் மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம். இதோடு பிரச்சினை தீர்ந்துபோகும் கார்களும் உண்டு.

பேட்டரியின் பக்கவாட்டுகள் உப்பியிருந்தாலோ, பெட்டியில் விரிசல் இருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, மேற்கொண்டு சோதிக்கவும் வேண்டாம், சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

மல்டிமீட்டரில் எத்தனை வோல்ட் காட்ட வேண்டும்?

கார் ஓடி நின்ற உடனேயோ, சார்ஜர் எடுத்த உடனேயோ அளக்கக்கூடாது. அந்த நேரத்தில் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ், உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். ஓர் இரவு விட்டு அளப்பது நல்லது. அவசரமானால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளக்கலாம்.

அப்போது 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏறத்தாழ முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் அளவு. 11.8க்குக் கீழே போனால் காலி. ஆகவே "12 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்வது தவறு. டீசல் வண்டிக்கு இன்னும் கண்டிப்பு தேவை. அதன் இன்ஜினைச் சுழற்ற அதிக விசை வேண்டும் என்பதால், சிறிய பெட்ரோல் காரைக் கிளப்பிவிடும் 12.2 வோல்ட் டீசலைக் கிளப்பாமல் போகலாம்.

இந்த எண்கள் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தகடுகள் நலமாக இருக்கின்றனவா என்பதைச் சொல்லா. 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7 வோல்ட்டுக்குச் சரியும் பேட்டரிகள் நிறைய உண்டு.

ஓர் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றியும் 10.5 வோல்ட்டிலேயே நிற்கிறது. ஏன்?

பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டால் மீதமுள்ள ஐந்தும் சேர்ந்து 10.5 வோல்ட்தான் தர முடியும். மெக்கானிக்குகள் "செல் போயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், சார்ஜ் முடியும் தறுவாயில் ஐந்து செல்களில் நுண்ணிய குமிழிகள் எழுந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் அசைவில்லாமல் கிடப்பதை எட்டி நின்று பார்க்கலாம். இதற்குப் பழுது பார்ப்பு கிடையாது.

வீட்டில் சார்ஜ் ஏற்றுவது எப்படி?

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பழைய, நம்பத்தக்க கணக்கு. 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் வைத்தால், காலியான நிலையிலிருந்து நிறைய 12 மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். கடைகளில் அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தரும் பூஸ்ட் சார்ஜ், வண்டியைக் கிளப்ப உதவும். ஏற்கெனவே நொந்துபோன பேட்டரிக்கு அது நல்லதல்ல.

சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பிடிக்கும். எனவே காற்றோட்டமான இடத்தில் வைத்து, கிளிப்புகளை மாட்டிய பிறகு சார்ஜரின் சுவிட்சைப் போட வேண்டும், அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். அருகில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் ஆகாது. பேட்டரி கையால் தொட முடியாத அளவுக்குச் சூடானால் உடனே நிறுத்துங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டி சார்ஜ் ஏற்றும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. பெரிய டியூபுலர் பேட்டரிக்கென்று வடிவமைக்கப்பட்ட பல இன்வெர்ட்டர்கள் 10 ஆம்பியருக்கு மேல் செலுத்தும். சிறிய கார் பேட்டரிக்கு அது மிக அதிகம். இதைத் தவிர்க்கவே சொல்வேன்.

முற்றிலும் காலியான பேட்டரியை மாட்டினால் சில தானியங்கி சார்ஜர்கள் அதை அடையாளம் காணாமல் "கோளாறு" விளக்கைக் காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்பதற்கு அது சான்றல்ல. பழைய பாணி சார்ஜர் வைத்திருக்கும் பேட்டரி கடையில் சில மணி நேரம் மெதுவாக ஏற்றி வாங்கிய பிறகு, அதே தானியங்கி சார்ஜர் ஏற்றுக்கொள்வதுண்டு.

சார்ஜ் ஏற்றியாகிவிட்டது. இப்போது எப்படித் தீர்ப்புச் சொல்வது?

மூன்று சோதனைகள் போதும், முதலாவது காத்திருப்பது. சார்ஜரை எடுத்துவிட்டு, காரில் மாட்டாமல், 24 மணி நேரம் வைத்து அளந்து பாருங்கள். 12.6 அருகிலேயே நின்றால் நம்பிக்கை உண்டு. எதனுடனும் இணைக்காமலே 12.2க்கு இறங்கிவிட்டால், உள்ளே மின்கசிவு இருக்கிறது.

இரண்டாவது, சுமை சோதனை. பேட்டரியைக் காரில் மாட்டி, மீட்டரின் முனைகளை நேரடியாகப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே தாங்கி நிற்கும். 9.6க்குக் கீழே விழுந்தால், அதுவும் இன்ஜின் சோம்பலாகச் சுழன்றால், ஆயுள் முடிந்துவருகிறது என்று கொள்ளலாம். பேட்டரி முனைகளில் 11 வோல்ட் நின்றும் இன்ஜின் மெதுவாகச் சுழன்றால் குறை பேட்டரியில் இல்லை. எர்த் கேபிளிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது.

மூன்றாவது, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். மூடி திறக்கும் வகைக்கு மட்டுமே இது பொருந்தும். என்னைக் கேட்டால் மூன்றிலும் அதிகம் நம்ப வேண்டியது இதைத்தான், ஏனென்றால் வோல்ட்மீட்டர் ஆறு செல்களையும் ஒன்றாகவே பார்க்கிறது, ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக விசாரிக்கிறது. முழு சார்ஜில் அமிலத்தின் ஒப்படர்த்தி (நீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.240 முதல் 1.280க்குள், பேட்டரியின் வகையைப் பொறுத்து இருக்கும். வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் சற்றுக் குறைந்த எண்ணே வழக்கம். ஆறில் ஐந்து 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அந்த 0.070 வித்தியாசமே தீர்ப்பு. செல்களுக்கிடையே 0.050க்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. ஆறும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், இன்னும் சார்ஜ் ஏறவில்லை என்றோ, தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிட்டது என்றோ பொருள். சுருக்கமான கணக்கு ஒன்றும் உண்டு: ஒப்படர்த்தியோடு 0.84 கூட்டினால் அந்த செல்லின் வோல்ட் கிடைக்கும். 1.265 என்றால் 2.105, ஆறால் பெருக்கினால் 12.63.

சல்ஃபேட் படிவது என்றால் என்ன? அதை எடுக்க முடியுமா?

பேட்டரி சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் உருவாவது இயற்கை. சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து மறையும். காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் அந்த மென்மையான படிவு பெரிய, கடினமான படிகங்களாக மாறி, சார்ஜுக்கு மசியாது. வெப்பம் இதையும் விரைவுபடுத்தும். சார்ஜரை மாட்டியதும் வோல்ட் கிடுகிடுவென உயர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் "முழு சார்ஜ்" விளக்கு எரிந்து, ஆனால் செல்ஃப் அடித்தால் ஒன்றும் இல்லையென்றால், இதுவே காரணமாக இருக்கும்.

குறைந்த மின்னோட்டத்தில் ஒன்றிரண்டு நாள் பொறுமையாக ஏற்றினால், இளம் படிவு ஓரளவு கரையும். ஒரு மாதம் காலியாகக் கிடந்ததற்கு இதை முயன்று பார்க்கலாம். ஓராண்டு கிடந்ததற்கு நேரம் வீண். பேட்டரிக்குள் ஊற்றச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் திரவங்களையும் நான் பரிந்துரைப்பதில்லை.

தண்ணீர் குறைந்திருக்கிறது. எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர் எங்குமே ஆகாது. தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்துபோன ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லாவிட்டாலும், காயிலின் உலோகத் துகளும் தூசியும் சேர்ந்திருக்கும். அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக்கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போவது நீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு குறியிட்ட மட்டம் வரை நிரப்புங்கள். முன்கூட்டியே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பி, ஒரு மணி நேரம் ஓட்டினால் போதாதா?

கிளப்பலாம். சிவப்புக் கேபிளை முதலில் காலியான பேட்டரியின் பாசிட்டிவிலும் பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைக் கிளம்பாத காரின் இன்ஜினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி தெறிக்கும். அது பேட்டரிக்கு அருகில் நிகழக்கூடாது என்பதற்காகவே இந்த வரிசை.

ஆனால் வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஓட்டிவிட்டு வந்தால் பேட்டரி நிறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரின் வேலை ஓரளவு நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருப்பது. காலியானதை முழுதாக நிரப்புவது அதற்குச் சுமை, அந்தச் சிறிய நேரம் போதவும் போதாது. வீடு திரும்பியதும் சார்ஜரில் போடுங்கள்.

ஊரில் அப்பா வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். அது நல்லதுதானே?

நல்ல எண்ணம், ஆனால் கணக்கு உதைக்கிறது. பூட்டிய கார் 30 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு வாரத்தில் இழப்பது சுமார் 5 ஆம்பியர் மணி. ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடும்போது பேட்டரிக்கு 20 ஆம்பியர் போவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், திரும்பச் சேர்வது 2 ஆம்பியர் மணிக்கும் குறைவு. வாரா வாரம் கடன் கூடிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, சூடேறாத இன்ஜினில் உருவாகும் நீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். அப்பாவுக்கு ஓட்ட முடியுமானால் முப்பது, நாற்பது நிமிடம் வெளியே ஓட்டிவரச் சொல்லுங்கள். முடியாதென்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுவதே மேல்.

நெகட்டிவைக் கழற்றினால் வேறு தொல்லை வராதா?

கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகும். சில கார்களில் மியூசிக் சிஸ்டம் ரகசிய எண் கேட்கும். தானாக ஏறி இறங்கும் ஜன்னலுக்கு மறுபடி கற்றுத்தர வேண்டியிருக்கும். முக்கியமாக, ரிமோட் வேலை செய்யாது என்பதால் ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவி எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். கழற்றினாலும் தன்னிழப்பு நிற்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் மாதம் ஒரு முறை, சார்ஜ் ஏற்றுவது நல்லது.

புதுப் பேட்டரி போட்டும் இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. அதுவும் குறையுள்ளதா?

பெரும்பாலும் இல்லை, கார்தான் திருடுகிறது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கிளாம்புக்கும் இடையே இணைத்து, காரைப் பூட்டி, அரை மணி நேரமாவது காத்திருங்கள். காருக்குள் இருக்கும் கணினிகள் உறங்கப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்கு முன் காட்டும் ஒன்று, இரண்டு ஆம்பியரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அதன் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கள்வன். வெளியில் பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்பிளிஃபையர், அணையாத டிக்கி விளக்கு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இதோடு இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்துவிடுங்கள். 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் சரி. புதிய கார்களில் கணினி வேண்டுமென்றே இதைக் குறைப்பதுண்டு என்பதால், ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அளந்த பிறகே ஆல்டர்நேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எதைக் கவனிப்பது?

நம் வெயிலில் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைத்த பேட்டரியைப் பற்றி வருந்த வேண்டாம். புதியது வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, கடையில் நெடுநாள் தூங்கியதை மறுத்துவிடுங்கள். பாசிட்டிவ் முனை பழையதில் இருந்த பக்கமே இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வகைக் காருக்கு அதற்கென்று உள்ள ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகையையே போடுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடை போடுபவரிடம் கொடுக்க வேண்டாம்.

என்னுடையது மின்சாரக் கார். இதெல்லாம் எனக்குத் தேவையா?

தேவை. பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட்களிலும் கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சு ஆகியவற்றை இயக்குவது ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தாலும் கார் உயிர் பெறாது. அது ஈய-அமில வகையாக இருந்தால், அளக்கும் முறை மேலே சொன்னதேதான். ஆனால் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் எதையும் தொடக்கூடாது.